‘பிளெண்ட்’ என்னும் கலவை: ஸாண்டி புல்லின் கிதாரும் ஒரு தேயிலை வியாபாரியின் காதும்

அவையடக்கம்

நான் சங்கீத வித்வான் அல்லன், கல்லூரி வாசலை மிதித்தவனும் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1979-ல் கல்கத்தாவுக்கு வந்தேன். தேயிலைக் கடையில் மூட்டை எண்ணினேன். பிறகு இலை பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதற்கும் பிறகு சொந்தமாகக் கலவை போட்டு விற்க ஆரம்பித்தேன். நூல் படிப்பதும் இசை கேட்பதும் கடைக்குப் பூட்டுப் போட்ட பிறகு வந்த பழக்கங்கள். ஆகவே பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

இந்த மலருக்கு வழக்கமாக நான் சமணக் காப்பியங்களைப் பற்றித்தான் எழுதுவேன். இந்தத் தடவை ஓர் அமெரிக்கக் கிதார்க்காரரைப் பற்றி எழுதுகிறேன். “நயினாருக்கு வயசாயிடுச்சு, எதையோ எழுதறார்” என்று சிலர் சிரிக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்காக நிகழ்ச்சிக் குழு கூடியது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் மேடையில் அரை மணி நேரம் கிதார் வாசிக்க இடம் கேட்டிருந்தான். என்ன கீர்த்தனை, என்ன ராகம், என்ன தாளம் என்று குழுவில் நான்தான் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வாசிக்கும்போது என்ன வருதோ அதுதான்” என்றான். “நம்ம மேடையில இதெல்லாம் எதுக்கு?” என்று முதலில் சொன்னவனும் நான்தான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். விஷயம் முடிந்துபோயிற்று.

அந்தப் பையன் என் பேரன். தாத்தா சலுகை காட்டினார் என்ற பேச்சு வரக் கூடாது என்று நினைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் அவன் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசிக்கிறான். நான் செய்தது சரிதானா என்று யோசித்தபோது, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக என் அலமாரியில் கிடக்கும் ஓர் இசைத்தட்டு நினைவுக்கு வந்தது. அதை எடுத்து மறுபடி மறுபடி கேட்டேன். கேட்டதில் எனக்குத் தோன்றியதே இந்தக் கட்டுரை.

இசைத்தட்டு கிடைத்த கதை

1987 வாக்கில் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய இசைத்தட்டுக் கடைகள் வரிசையாக இருந்தன. சனிக்கிழமை வசூல் முடிந்து திரும்பும்போது அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். எம்.எஸ். தட்டோ பாலசந்தர் வீணையோ அகப்படுமா என்று புரட்டிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் வான்கார்ட் கம்பெனித் தட்டு ஒன்று கைக்கு வந்தது. ‘ஃபேண்டஸியாஸ் ஃபார் கிதார் அண்ட் பாஞ்சோ’, வாசித்தவர் ஸாண்டி புல், 1963. எனக்கு அந்தப் பெயர் தெரியாது. முதல் பக்கம் முழுவதற்கும் ஒரே ஓர் உருப்படி. அதன் பெயர் ‘பிளெண்ட்’.

கலவை போட்டுப் பிழைக்கிறவன் அந்தச் சொல்லைப் பார்த்த பிறகு தட்டைக் கீழே வைக்க முடியுமா? பேரம் பேசி வாங்கிவந்தேன்.

முதல் தடவை கேட்டபோது பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பல்லவி எங்கே, அனுபல்லவி எங்கே என்று காது தேடிற்று. ராகம் ஒன்று பிடிபடுவதுபோல் இருக்கும்; உடனே வழுக்கிப் போகும். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “இவரு சுருதி சேர்த்து முடிச்சிட்டு எப்போ வாசிக்க ஆரம்பிப்பாரு?” என்று கேட்டாள். தட்டை உறையில் போட்டு வைத்துவிட்டேன். என் காதுக்குப் பொறுமை வர வருஷங்கள் ஆயின.

யார் இந்த ஸாண்டி புல்?

1941-ல் நியூயார்க்கில் பிறந்தவர். தாயார் டாஃப்னி ஹெல்மன் ஜாஸ் இசையில் ஹார்ப் வாசித்துப் பெயர் பெற்றவர். பாஞ்சோவும் கிதாரும் இவருடைய இளமைக் கல்வி. பின்னாளில் அரபு நாட்டு ஊத், மின்சாரக் கிதார், பேஸ் கிதார், பெடல் ஸ்டீல் கிதார் என்று வாத்தியங்கள் சேர்ந்துகொண்டே போயின. முதல் தட்டு வந்தபோது வயது 22.

அந்தக் காலக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உஸ்தாத் அலி அக்பர் கான் 1955-ல் நியூயார்க்கில் சரோத் வாசித்து, அங்கே நீண்ட இசைத்தட்டும் பதிந்தார். மறு ஆண்டு பண்டிட் ரவிசங்கரின் ‘த்ரீ ராகாஸ்’ வந்தது. ஜான் கோல்ட்ரேன் என்ற ஸாக்ஸஃபோன் மேதை ‘இந்தியா’ என்றே பெயரிட்டு ஓர் உருப்படியை 1961-ல் பதிந்தார். பீட்டில்ஸ் குழுவினர் பாட்டில் சிதார் ஒலித்தது 1965 டிசம்பரில்தான். ஆகவே 1963-ல் ‘பிளெண்ட்’ வந்தபோது இந்திய இசையைத் தொட்டுக்கொள்வது அங்கே இன்னும் நாகரிகமாகிவிடவில்லை. கும்பலோடு போனவர் என்று இவரைச் சொல்ல முடியாது.

பாஞ்சோவின் கட்டைவிரல் தந்தி

இவர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது எது? சுருதியை எடுத்துக்கொண்டார் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

ஐந்து தந்தி பாஞ்சோவைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஐந்தாவது தந்தி மட்டும் குட்டை. அதன் பிரடை கழுத்தின் நடுவிலேயே நிற்கும். இடக்கை விரல் அதைப் பெரும்பாலும் தொடாது. வலக்கைக் கட்டைவிரல் மட்டும் அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். பாட்டு எங்கே போனாலும் அந்த ஒரே ஸ்வரம் விடாமல் ஒலிக்கும். நம் வீணையின் பக்கத்துத் தாளத் தந்திகளை நினைத்துக்கொள்ளுங்கள். பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட மக்களின் வழியாக அமெரிக்கா போன வாத்தியம். ஆக, சுருதி என்னும் தரை ஸாண்டி புல்லின் கட்டைவிரலிலேயே சின்ன வயது முதல் இருந்தது. நம் இசையைக் கேட்டபோது, தன் வீட்டுத் திண்ணையை இன்னொரு வீட்டில் பார்த்தவர்போல் அவர் வியந்திருப்பார் என்பது என் ஊகம்.

நம்மிடமிருந்து அவர் உண்மையாக எடுத்துக்கொண்டது வேறு. பொறுமையாக விரிக்கும் முறை அது. மூன்று நிமிடத்தில் பாட்டை முடித்துவிடுகிற நாட்டில், ஒரே ஆதார சுருதியின் மேல் ஏறக்குறைய 22 நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். ‘பிளெண்ட்’டில் கிதாரின் தந்திகளை வழக்கப்படி கூட்டாமல், திறந்த தந்திகள் தாமாகவே சுருதி பிடிக்கும்படி மாற்றிக் கூட்டியிருக்கிறார். ஆரம்பத்தில் தாளக் கட்டு கிடையாது. ஒரு ஸ்வரத்தைத் தொடுகிறார், அது அடங்கும்வரை காத்திருக்கிறார், பிறகு அடுத்ததைத் தொடுகிறார். இது ஆலாபனையின் நடை. போகப் போகக் கை சூடேறுகிறது. பாஞ்சோ விரல்வேலை கிதாருக்கு வருகிறது. தானம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இடம் அந்நியமாகத் தோன்றாது.

ராக லட்சணம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது; சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே ஊசலாடும். அந்தக் குணம் ஸாண்டி புல்லின் விரலிலும் உண்டு. நம் கமகம் அவரிடம் இல்லை. அது குறையென்றால் குறைதான். ஆனால் இல்லாத கமகத்தை இருப்பதாகக் காட்டும் பாசாங்கு அவரிடம் இல்லை. ராகம் என்று பெயர் வைத்துக்கொண்டு அவர் கடை போடவில்லை. ‘கலவை’ என்று நேர்மையாக எழுதி ஒட்டிவிட்டார்.

இரண்டாவது ஆள்

இதுவரை கிதாரைப் பற்றியே சொன்னேன். ‘பிளெண்ட்’டில் இன்னொருவரும் இருக்கிறார். பில்லி ஹிக்கின்ஸ் என்ற ஜாஸ் டிரம் கலைஞர். 1936-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். ஆர்னெட் கோல்மன் என்பவர் 1959-ல் ஜாஸ் உலகத்தைக் கலக்கிய தட்டு ஒன்றைப் பதிந்தபோது டிரம் வாசித்தவர் இவரே. எழுதி வைத்துக்கொள்ளாத இசைக்குத் துணை போவதில் பழுத்த கை.

அவர் ‘பிளெண்ட்’டில் நுழைவதைக் கவனியுங்கள். தடபுடல் கிடையாது. கிதார் சொல்வதைக் கேட்டு, அது இடம் விடும்போது மட்டும் ஒரு சொல் போடுகிறார். கிதார் வேகம் பிடிக்க நினைத்தால் இவர் முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கிறது. கிதார் மூச்சு வாங்கினால் இவரும் குரலைத் தணிக்கிறார். நல்ல மிருதங்க வித்வான் கீர்த்தனையின் சாகித்யம் தெரிந்து வாசிப்பார் என்போம். இங்கே சாகித்யமே இல்லை. அடுத்த நொடி என்ன வரும் என்பது வாசிக்கிறவருக்கே தெரியாது. ஆனாலும் இருவரும் சேர்ந்தே போய்ச் சேருகிறார்கள். எப்படி? ஒருவர் காது மற்றவர் கையின்மேல் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நான் குழுவில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. கீர்த்தனையும் ராகமும் தாளமும் முன்கூட்டி இல்லையென்றால் அந்த இசைக்குக் கட்டுப்பாடு எங்கிருந்து வரும் என்பது என் சந்தேகம். கேட்பதிலிருந்து வருகிறது. நிரவலிலும் கல்பனை ஸ்வரத்திலும் நமக்கு இலக்கணம் ஒரு காவல், பக்கவாத்தியக்காரர் இன்னொரு காவல். ஸாண்டி புல்லுக்கு முதல் காவல் இல்லை. அதனால் இரண்டாவது காவலே முழுப் பாரத்தையும் சுமக்கிறது.

நம் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகம் நினைவுக்கு வருகிறது. இசைப் போட்டியில் வெல்கிறவனையே மணப்பேன் என்று காந்தருவதத்தை இருக்கிறாள். சீவகன் வந்ததும் உடனே வாசித்துவிடுவதில்லை. கொண்டுவந்த வீணைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, மரத்தில் உள்ள குற்றம் இது, நரம்பில் உள்ள குற்றம் இது என்று ஒதுக்குகிறான். பிறகே நல்லதை ஏற்று வாசிக்கிறான். அவன் வென்றது விரலால் மட்டும் அல்ல, காதாலும் என்றே அந்தப் பகுதியை நான் படிக்கிறேன்.

கலவையும் கதம்பமும்

என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். அஸ்ஸாம் சி.டி.சி. நிறமும் ஸ்ட்ராங்கும் தரும். டார்ஜிலிங் மணம் தரும். இரண்டையும் கொட்டிக் கிளறினால் கலவை ஆகிவிடாது. இலையின் பருமன் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பொடி அடியில் இறங்கிவிடும், பெரிய இலை மேலே நிற்கும். வாங்கினவர் வீட்டில் முதல் வாரம் ஒரு ருசி, கடைசி வாரம் வேறு ருசி. “நயினார் கடைத் தூள் கெட்டுப்போச்சு” என்பார்கள். தூள் கெடவில்லை. ஒன்றோடொன்று சேராத சரக்கைச் சேர்த்ததுதான் தப்பு.

இந்தக் கண்ணோடு அந்தத் தட்டின் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினால் எனக்குத் திருப்தி குறைகிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப்பின் ‘கார்மினா புரானா’வை பாஞ்சோவில் வாசிக்கிறார். வில்லியம் பேர்டின் பெயரால் வழங்கும் பழைய தேவாலயக் கீதம் ஒன்று பாஞ்சோவில் வருகிறது. மலைநாட்டுப் பாட்டு ஒன்று. மின்சாரக் கிதாரில் தேவாலயப் பாணி ஒன்று. விரல்வேலையில் குறையே கிடையாது. ஆனால் “பாருங்கள், இதையும் இதில் வாசிக்கலாம்” என்ற தொனி இருக்கிறது. இது கதம்பம். பூக்கள் தனித்தனியே அழகு, நார் ஒன்று, அவ்வளவுதான்.

1965-ல் வந்த இரண்டாவது தட்டு ‘இன்வென்ஷன்ஸ்’. இதிலும் கதம்பம் உண்டு, கலவையும் உண்டு. மாஷோ என்ற பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர்–இசைஞரின் மூன்று குரல் பாடலைத் தாமே வெவ்வேறு வாத்தியங்களில் வாசித்து, பதிவின்மேல் பதிவாக அடுக்குகிறார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் என்னை உட்கார வைத்தது ‘மெம்ஃபிஸ், டென்னஸி’. சக் பெரி 1959-ல் வெளியிட்ட சின்னப் பாட்டு அது. அதன் மெட்டை எடுத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புது மூலையைக் காட்டுகிறார். ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு நம் வித்வான்கள் நிரவல் செய்வதற்கும் இதற்கும் குணத்தில் தூரம் அதிகமில்லை. இங்கேயும் டிரம்மில் பில்லி ஹிக்கின்ஸ்தான். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேட்காத துணை

வான்கார்ட் கம்பெனியில்தான் ஹம்ஸா எல் தீன் என்ற நூபியர் 1964-ல் தட்டு வெளியிட்டார். எகிப்தின் அஸ்வான் பெரிய அணைக்காகத் தன் மண்ணையே நீருக்குக் கொடுத்த மக்களில் ஒருவர். அவர் வாசித்தது ஊத். குட்டைக் கழுத்து, பேரிக்காயைப் பாதியாக வகுந்தாற்போன்ற உடல், மெட்டு கிடையாது. மெட்டு இல்லாததால் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் வழுக்கிப் போகலாம். அவருடைய பாதிப்பில் ஸாண்டி புல்லும் ஊத்தைப் பிடித்துக்கொண்டார்.

1969-ல் மூன்றாவது தட்டு, ‘ஈ ப்ளூரிபஸ் ஊனம்’. அமெரிக்க நாட்டு முத்திரையில் பொறித்திருக்கும் லத்தீன் வாசகம் அது. பலவற்றிலிருந்து ஒன்று என்று பொருள். பக்கத்துக்கு ஓர் உருப்படி. எல்லா வாத்தியமும் அவரே. மேடையிலும் அப்படித்தான். தாமே வாசித்துப் பதிந்த டேப்பை ஓடவிட்டு, அதன்மேல் வாசிப்பார். ஸான் ஃபிரான்சிஸ்கோவில் மேட்ரிக்ஸ் என்ற அரங்கில் 1969-ல் அப்படி வாசித்த பதிவு, அவர் காலமான பிறகு 2006-ல் வெளிவந்தது.

விமர்சகர்கள் பலர் இதைத்தான் அவருடைய பெரிய சாதனையாகச் சொல்வார்கள். ஒரு மனிதன் தனியாளாகவே ஒரு கச்சேரிக் குழு ஆகிவிட்டான், இன்றைக்குப் பிள்ளைகள் கருவியை வைத்துச் செய்வதை அவர் அன்றைக்கே செய்துவிட்டார் என்று. உண்மைதான். முதலில் செய்தவர்களில் ஒருவர் என்ற பெருமையை மறுக்கவில்லை. ஆனால் அடியேன் காதுக்கு ‘எலெக்ட்ரிக் பிளெண்ட்’ பழைய ‘பிளெண்ட்’டுக்கு உறை போடக் காணாது. வாத்தியம் கூடியது, நிறம் கூடியது, உரையாடல் குறைந்துவிட்டது.

ஏனென்றால் டேப்புக்குக் காது கிடையாது. நீங்கள் தயங்கினால் அது தயங்காது. நீங்கள் ஒரு புது வழியில் காலை வைத்தால் அது கூட வராது. நேற்று வாசித்த நீங்கள், இன்று வாசிக்கிற உங்களுக்குக் கட்டளை இடுகிறீர்கள். மனோதர்மம் என்று நாம் சொல்லும் சுதந்திரம் அங்கே பாதியாகிவிடுகிறது. பலவற்றிலிருந்து ஒன்று என்று தலைப்பு வைத்தார். ஒன்றிலிருந்து பலவாகவே அந்தத் தட்டு எனக்குக் கேட்கிறது.

“வீணை தனம்மாள்கூடப் பக்கவாத்தியம் இல்லாமல்தானே வாசித்தார்?” என்று ரசிகர்கள் என்னை மடக்கலாம். நியாயமான கேள்வி. அவருக்கு முன்னால் கேட்கத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டில் கூடிய சின்னக் கூட்டமே அவருக்குப் பக்கவாத்தியம். கேட்கும் காது ஒன்று எங்கேயாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வது.

எந்த அலமாரியில் வைப்பது?

ஸாண்டி புல் ஏன் பெரிய பெயர் எடுக்கவில்லை? போதைப் பழக்கம் ஒரு காரணம். அது அவருடைய நல்ல வருஷங்களைத் தின்றது. பிறகு சிகிச்சை பெற்று மீண்டார். நான்காவது தட்டு 1972-ல் வந்தது. அதற்கடுத்தது வர 1988 ஆயிற்று. பதினாறு வருஷ இடைவெளி எந்த வியாபாரத்தையும் படுக்க வைத்துவிடும்.

வியாபாரியாக எனக்குத் தெரியும் இன்னொரு காரணம் உண்டு. இவரை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரனுக்குத் தெரியவில்லை. நாட்டுப்புற இசையா? ஊத் வாசிக்கிறாரே. ஜாஸா? பாஞ்சோ இருக்கிறதே. கிழக்கத்திய இசையா? ஆள் நியூயார்க்காரர் ஆயிற்றே. அலமாரி இல்லாத சரக்கு மூலையில் கிடக்கும். எனக்கு அது ஃப்ரீ ஸ்கூல் தெருவில் ஒரு மூலையில்தான் கிடைத்தது.

அந்தக் கஷ்டம் எனக்குப் புதிதல்ல. படாபஜாரில் மார்வாடிச் சேட் கேட்பார்: “மதராஸி என்கிறாய், அப்புறம் எப்படி ஜைன்?” லேக் மார்க்கெட்டில் நம்மவர்கள் கேட்பார்கள்: “ஜைனரா? வடக்கத்தியாரா? இவ்வளவு நல்ல தமிழ் எங்கே கத்துக்கிட்டீங்க?” சிந்தாமணி தந்த திருத்தக்கதேவர் வழிவந்தவன் தமிழை எங்கே போய்க் கற்பது? நாற்பது வருஷத்துக்கு மேலாக இரண்டு கடைக்காரர்களுக்கும் நான் அலமாரி இல்லாத சரக்கு. அப்படிப்பட்ட நான் என் பேரனிடம் கேட்ட முதல் கேள்வியே “இது எந்த அலமாரி?” என்பதுதான். இதை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

கடைசிக் காலத்தில் ஸாண்டி புல் டென்னஸி மாநிலத்தில் நாஷ்வில் பக்கம் குடியேறினார். பெடல் ஸ்டீல் கிதார் வாசித்தார், 1996-ல் வந்த தட்டில் பாடவும் செய்தார். நுரையீரல் புற்றுநோயால் 2001 ஏப்ரல் 11 அன்று அறுபதாம் வயதில் காலமானார். பில்லி ஹிக்கின்ஸ் அதே ஆண்டு மே 3 அன்று மறைந்தார். இடையில் 22 நாட்கள். ‘பிளெண்ட்’டின் இரண்டு கைகளும் ஒரு மாதத்துக்குள் ஓய்ந்துவிட்டன.

நிகழ்ச்சிக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம்

பேரனிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. லூப் பெடல் என்று பெயர். காலால் மிதித்தால் வாசித்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் வேறொன்று என்று அடுக்கலாம். ஸாண்டி புல்லின் டேப் இப்போது உள்ளங்கையளவு ஆகியிருக்கிறது. “இது இருந்தா யாரும் வேண்டாம் தாத்தா” என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னான். அன்று அந்தச் சொல் எனக்கு உறைக்கவில்லை. அவனை மேடையிலிருந்து இறக்கிவிட்ட பிறகுதான் உறைத்தது. கேட்க யாரும் வராத பிள்ளை, யாரும் வேண்டாம் என்று சொல்லப் பழகிக்கொள்கிறான்.

போன மாதம் கதவைத் தட்டினேன். “இந்தத் தட்டைக் கேட்கிறியா?” என்றேன். 22 நிமிடமும் பேசாமல் கேட்டான். “இந்த டிரம்காரர் என்னமா கேட்கிறாரு தாத்தா!” என்றான். நான் வருஷக்கணக்கில் கண்டுபிடித்ததை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேக் ரோட்டிலிருந்து மிருதங்கம் பயிலும் பையன் ஒருவனை வீட்டுக்கு அழைத்தேன். பெட்டியை அணைத்து வைக்கச் சொன்னேன். முதல் பத்து நிமிடம் பார்க்கச் சகிக்கவில்லை. இவன் போகும் இடம் அவனுக்குத் தெரியாது, அவன் தேடும் சமம் இவனுக்குத் தெரியாது. எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு ஓரிடத்தில் மிருதங்கக்காரன் கையை எடுத்துவிட்டான். பேரனும் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தான். மிருதங்கம் மெல்ல ஒரு சொல் போட்டது. கிதார் அதற்குப் பதில் சொன்னது. அதற்குப் பிறகு வந்த ஐந்து நிமிடத்தில் என்ன ராகம் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பாலுஸ்வாமி தீட்சிதர் கையில் வயலின் நம்முடையதாயிற்று. ஸ்ரீநிவாஸ் கையில் மாண்டலின் நம்முடையதாயிற்று. கிதார் நம்முடையதாகுமா என்று நான் கேட்க வரவில்லை. அவர்கள் கீர்த்தனை வாசித்தார்கள், இவன் வாசிக்கவில்லை. இரண்டும் ஒன்று என்று சொல்லி யாரையும் ஏமாற்ற மாட்டேன். இவன் வாசிப்பது கர்நாடக இசை அல்ல. ஆனால் அசல் ஊரை விட்டு வந்த குடும்பத்தில் பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் வங்காளியும் பள்ளியில் இங்கிலீஷும் கேட்டு வளர்கிற பிள்ளைக்குக் கலவைதான் தாய்மொழி. அது கலவை ஆகுமா, கதம்பமாகவே நிற்குமா என்பது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்களைப் பொறுத்தது.

ஆகவே நிகழ்ச்சிக் குழு அன்பர்களுக்கு இந்த மலர் வழியாக என் விண்ணப்பம். சென்ற ஆண்டு நான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வரும் பொங்கல் விழாவில் பெரியவர்கள் கச்சேரிக்கு முன்னால் அரை மணி நேரம் கொடுங்கள். கிதாரும் மிருதங்கமும், பெட்டி இல்லாமல். நன்றாக இல்லாவிட்டால் அந்தப் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன். முதல் வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் எனக்கு வேண்டும். இடைவேளைத் தேநீருக்கு வேண்டிய தூள் என் கடையிலிருந்து வரும்.